சக்கரங்களின் மேல் ஓய்வுக்காலம்

அரசாங்கப் படிவங்கள் எத்தனை வகையாக இருப்பினும், அவற்றில் தவறாது காணப்படும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று தற்போதைய விலாசம். மற்றொன்று நிரந்தர விலாசம். நம்மில் பெரும்பாலோர் முதற் கட்டத்தை நிரப்பிவிட்டு, இரண்டாவதில் ‘மேற்படி’ என்று எழுதி மேலே செல்கிறோம். இவ்விரண்டு கட்டங்களையும் எவ்வாறு நிரப்புவது என்பதே பெரும் பிரச்சினையாகிவிட்ட ஒரு மக்கட் பிரிவினர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்கின்றனர். முப்பது நாற்பது ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வு பெற்ற பின்னர், வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, சக்கரங்கள் பூட்டிய வேறொரு வீட்டில் ஏறிப் புறப்பட்டுவிட்டவர்கள் அவர்கள். கோடையில் வடக்கேயும் குளிர்காலத்தில் தெற்கேயுமாகப் பறவைகளைப் போல இடம் பெயர்வதால், இவர்களுள் ஒரு சாராருக்குப் ‘பனிப்பறவைகள்’ என்றே பெயர் வழங்கி வருகிறது.

இவர்கள் காணும் மலைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் வருணிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைச் சுற்றுலாப் புத்தகங்கள் செவ்வனே செய்து வருகின்றன. தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவை எங்கே கொட்டுவது, மருந்து எங்கே வாங்குவது, கடிதம் எங்கே வந்து சேரும், திடீரென நோய்வாய்ப்பட்டால் யார் வருவார் என்னும் அன்றாடக் கேள்விகளுக்கு அவர்கள் என்ன விடை கண்டிருக்கிறார்கள் என்பதையே இங்கு ஆராய்வோம். இருந்த இடத்திலேயே இருந்து முதுமையைக் கழிக்கும் நமக்கும் இதில் அறிந்துகொள்ளத் தக்கவை பல உண்டு.

இவ்வீட்டு வண்டிகளை அந்நாட்டவர் சுருக்கமாக ‘ஆர்.வி.’ என்பர். இவை இரு பெரும் வகையின. ஒன்று, தானே இயந்திரம் பூண்டு ஓடுவது. நம் ஊர்ப் பேருந்து அளவில் உள்ளதும், சிறு வேன் அளவில் உள்ளதும், இவற்றுக்கு இடைப்பட்டதுமாக இதில் மூன்று பிரிவுகள் உண்டு. மற்றொன்று, வேறொரு வண்டியின் பின்னே இழுத்துச் செல்லப்படுவது. எதுவாயினும் உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை ஆகிய யாவும் சிறு அளவில் அமைந்திருக்கும். இந்தியானா மாநிலத்திலுள்ள எல்கார்ட் என்னும் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்குப் பெயர் போனவை. 1931-ஆம் ஆண்டில் வாலி பயாம் என்பவர் தொடங்கிய ‘ஏர்ஸ்ட்ரீம்’ கம்பெனியின் வெள்ளி நிற இழுவை வண்டிகள் இன்றளவும் தயாராகி வருகின்றன. 1956-இல் நிறைவேறிய நெடுஞ்சாலைச் சட்டம் நாடெங்கும் அகன்ற சாலைகள் அமைய வழி வகுத்தது. 1963 ஜூலையில், முழுச் சூரிய கிரகணத்தைக் காண்பதற்காக மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லி என்னும் ஊரில் இருபத்தாறு வண்டிக் குடும்பங்கள் ஒன்று கூடின. அக்கூட்டத்திலிருந்து அவர்களுடைய பெரிய சங்கங்களுள் ஒன்று பிறந்தது. வண்டியும் சாலையும் சங்கமும் அமைந்த பிறகு, ஓய்வு பெற்றோர் பெருவாரியாக இவ்வாழ்க்கையை நாடியதில் வியப்பில்லை.

இனி அன்றாட விஷயங்களுக்கு வருவோம். வீட்டு வண்டியில் குடியேறியவர் முதலில் கற்க வேண்டிய பாடம் எடையைப் பற்றியது. கல் வீட்டில் ஓர் அலமாரி கூடுதலாக வாங்கினால் இடம் அடையுமே தவிர, வேறு தீங்கு இல்லை. வண்டியிலோ ஒவ்வொரு பொருளையும் டயர்கள் சுமந்தாக வேண்டும். நூறு காலன் தண்ணீர் பிடித்தால் அதுவே ஏறக்குறைய 378 கிலோ ஆகிவிடும். இரும்புச் சட்டிகளும் புத்தகங்களும் கருவிகளும் அதற்கு மேல். தயாரிப்பாளர் குறித்துள்ள எல்லையை எடை மீறினால் டயர் வெடிக்கும். பிரேக்கும் சொன்னபடி கேளாது. ஆகவே விவரமறிந்தோர், லாரிகள் நிறுத்தும் இடங்களில் உள்ள எடைமேடையில் வண்டியை ஏற்றி, ஒவ்வோர் அச்சின் மீதும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்துக்கொள்கின்றனர்.

டயரைப் பொறுத்த மட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. தினமும் ஓடும் காரின் டயர் தேய்ந்து பழுதாகும். வீட்டு வண்டியின் டயரோ பல மாதங்கள் வெயிலில் நின்று, தேயாமலேயே மூப்படையும். பார்வைக்குப் புதியது போலத் தோன்றும்; உள்ளே ரப்பர் கெட்டிருக்கும். அந்நாட்டு டயரின் பக்கத்தில் பொறித்துள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தால் அதன் வயது தெரிந்துவிடும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தேய்மானம் எப்படியிருப்பினும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் டயரை மாற்றிவிடுவதே உசிதம் என்பது அனுபவஸ்தர்களின் முடிவு.

எடைக்கு அடுத்தது உயரம். இவ்வண்டிகளுள் பல பன்னிரண்டு, பதின்மூன்று அடி உயரம் உள்ளவை. கூரையின் மேல் உள்ள குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்து அளந்து, அவ்வளவை ஓட்டுநரின் கண்ணெதிரே எழுதி ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். வட கரோலினாவில் டர்ஹம் என்னும் நகரில் 11 அடி 8 அங்குல உயரமே உள்ள இரயில் பாலம் ஒன்று இருந்தது. எச்சரிக்கை விளக்குகளையும் பலகைகளையும் மீறி அதில் மோதிக் கூரையை இழந்த வண்டிகள் அநேகம். 2019-இல் அப்பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினர். அதற்குப் பின்னரும் மோதல்கள் அறவே நின்றபாடில்லை. கார்களுக்கென அமைந்த வழிகாட்டிக் கருவிகள் பாலத்தின் உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை. எனவே வண்டியின் அளவைப் பதிந்துகொண்டு அதற்கேற்ற வழியைக் காட்டும் கருவிகளையே முதியோர் நாடுகின்றனர்.

மின்விசையைக் கவனிப்போம். தங்கும் மைதானங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின் கம்பமும், குடிநீர்க் குழாயும், பல இடங்களில் கழிவுநீர்த் துளையும் இருக்கும். நம் நாட்டில் 230 வோல்ட்டு போல அங்கே 120 வோல்ட்டு. சிறிய வண்டிகளுக்கு 30 ஆம்பியர் இணைப்பு. இதில் கிடைப்பது 3,600 வாட்டு மட்டுமே. குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவ் அடுப்பையும் வெந்நீர்ப் பாத்திரத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் மின்காப்பு விழுந்துவிடும். பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர் இணைப்பில் இரு தனித்தனி மின் தடங்கள் இருப்பதால் 12,000 வாட்டு வரை பெறலாம். எதை நிறுத்தி எதைப் போடுவது என்னும் இக்கணக்கு, சில நாட்களில் இல்லத்தரசிக்கும் கணவருக்கும் மனப்பாடமாகிவிடுகிறது. பழுதான கம்பத்தால் வீட்டுச் சாமான்கள் யாவும் எரிந்துபோகக் கூடுமாதலால், இடையே ஒரு பாதுகாப்புக் கருவியைப் பூட்டிய பின்னரே இணைப்புக் கொடுப்பர்.

தண்ணீரும் கழிவும் பற்றி வெளிப்படையாகப் பேசுவது அவசியம். வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு: குடிநீருக்கு ஒன்று, குளித்ததும் கழுவியதுமான நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. புதிதாக வந்தவர்களிற் பலர், மைதானத்தில் நின்றிருக்கும் நாட்களில் கழிப்பறைத் தொட்டியின் அடைப்பைத் திறந்தே வைத்துவிடுவர். அவ்வாறு செய்தால் நீர் மட்டும் வடிந்துபோய், திடக்கழிவு அடியில் கோபுரம் போல இறுகிவிடும். அதனைக் கரைத்து எடுப்பது பெருந்தொல்லை. தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறையும்வரை அடைத்து வைத்திருந்து, முதலில் கழிப்பறைத் தொட்டியையும், அதன் பின்னர் குளித்த நீர்த் தொட்டியையும் திறக்க வேண்டும். பின்னது முன்னதன் குழாயைத் தானே கழுவிவிடும். குடிநீருக்குரிய குழாயை வேறெதற்கும் உபயோகிக்கலாகாது. இவ்வேலைக்குக் கையுறை அணிவதும், முடிந்தபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் முதுமையில் இன்னும் அவசியமானவை. வயிற்றுக் கோளாறு இளைஞரைவிட முதியவரை விரைவில் தளர்த்திவிடுகிறது.

எரிவாயு மற்றோர் ஆபத்து. சமைப்பதற்கும் அறையைச் சூடாக்குவதற்கும் புரோப்பேன் என்னும் வாயு பயன்படுகிறது. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தங்கும். ஆகவே இதைக் கண்டறியும் மணியைத் தரைக்கு அருகில் பொருத்துவர். எரிதல் குறைவுபட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. குளிர் தாங்காமல் சமையல் அடுப்பை ஏற்றிவைத்துக்கொண்டு கதவுகளை அடைத்து உறங்குவது மரணத்தை அழைப்பதற்கு ஒப்பாகும். எச்சரிக்கை மணிகளுக்கும் ஆயுள் உண்டு. அவற்றின் முதுகில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றிவிட வேண்டும். எரிவாயுக் கலன்கள் உள்ள வண்டிகளைச் சில சுரங்கச் சாலைகளில் அனுமதிப்பதில்லை. பால்டிமோர் துறைமுகத்தின் அடியே செல்லும் வழி அத்தகையது. சுற்றிச் செல்ல வேண்டிய தொலைவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நலம்.

இனி, முதலிற் கூறிய விலாசப் பிரச்சினை. வீடில்லாதவருக்கு ஓட்டுநர் உரிமம் கொடுப்பது எந்த மாநிலம்? வண்டியைப் பதிவு செய்வது எங்கே? வாக்களிப்பது எங்கே? வரி செலுத்துவது எங்கே? அமெரிக்காவில் இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், ஏதேனும் ஒரு மாநிலத்தைத் தம் சட்டபூர்வமான இருப்பிடமாக இவர்கள் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றையே பெரும்பாலோர் நாடுகின்றனர். இம்மூன்றிலும் தனிநபர் வருமானத்தின் மீது மாநில வரி கிடையாது. மத்திய அரசின் வரி மட்டும் எங்கிருந்தாலும் உண்டு. தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டியே இத்தகைய பயணிகள் ஓட்டுநர் உரிமம் பெற முடிகிறது. ஆனால் வரியை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள், வண்டிக் காப்பீட்டுக் கட்டணம், பரம்பரைச் சொத்துச் சட்டம் ஆகியவையும் மாநிலத்தைப் பொறுத்தவை. டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 11,800 கிலோவுக்கு மேற்பட்ட வீட்டு வண்டியை ஓட்டுவதற்குச் சாதாரண உரிமம் போதாது. வேறு வகை உரிமம் பெற வேண்டும்.

விலாசம் கிடைத்தபின் கடிதம் வந்து சேர வேண்டும். 1978-இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதிகள் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்னும் சிற்றூரில் உள்ள அதன் நிலையம், உறுப்பினர்களின் கடிதங்களைப் பெற்று வைத்து, அவர்கள் கேட்கும் ஊருக்கு மொத்தமாக அனுப்பி வைக்கிறது. பயணி, தாம் அடுத்த வாரம் சேரப்போகும் ஊரின் அஞ்சல் நிலையத்தைக் குறிப்பிட்டுத் தெரிவிப்பார்; அவர் பெயருக்கு வந்த கட்டு அங்கே காத்திருக்கும். ஓய்வூதியம் வங்கியில் நேரே செலுத்தப்படுவதாலும், கணக்குகள் பலவற்றைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள முடிவதாலும், இன்று கடிதத்தின் தேவை சுருங்கியிருக்கிறது. ஆயினும் வரி அலுவலகத்தின் அறிவிப்பும், காப்பீட்டுக் கடிதமும், புதிய வங்கி அட்டையும் இன்னமும் தாளிலேயே வருகின்றன. நவம்பர் மாதந்தோறும் உயிர்ச் சான்று அளிக்கும் நம் ஓய்வூதியர்களுக்கு, உரிய காலத்தில் உரிய தாள் கைக்குக் கிடைக்காவிட்டால் உண்டாகும் மனக்கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது உடல்நலம். 1965-இல் சட்டமான ‘மெடிகேர்’ என்னும் மத்திய மருத்துவக் காப்பீடு, அறுபத்தைந்து வயது நிரம்பியோருக்கு உரியது. இதில் இரு வழிகள் உண்டு. அரசே நடத்தும் மூலத் திட்டத்தில் சேர்ந்தோர், அதனை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். தனியார் கம்பெனிகள் நடத்தும் மாற்றுத் திட்டங்களிலோ, கட்டணம் குறைவாகவும் பற்சிகிச்சை போன்ற சலுகைகள் கூடுதலாகவும் இருப்பினும், பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்தின் மருத்துவர்களையே நாட வேண்டும். அவசர சிகிச்சை மட்டுமே விலக்கு. ஓரிடத்தில் வசிப்பவருக்கு இரண்டாவது வழி சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் மாதம் ஒரு மாநிலத்தில் இருப்பவருக்கு, தொடர்ந்து கவனிக்க வேண்டிய இருதய நோயோ நீரிழிவோ உண்டானால், அச்சிக்கனமே பெருஞ் செலவாக முடியலாம்.

அனுபவமுள்ளோர் கையாளும் முறைகள் சில உள. தம் நோய்கள், மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கின்றனர். மருந்தை மூன்று மாதங்களுக்குச் சேர்த்து வாங்குகின்றனர். நாடெங்கும் கிளைகளுள்ள கடையிலேயே வாங்கினால், எந்த ஊரிலும் மருத்துவர் சீட்டின் விவரம் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பழகிய மருத்துவரிடம் திரும்பிச் சென்று முழுப் பரிசோதனை செய்துகொள்கின்றனர். நினைவிழந்த நிலையில் தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதைச் சட்டப்படி எழுதி, அதன் பிரதியை வண்டியில் வைத்திருக்கின்றனர். மெடிகேரின் மூலத் திட்டத்தில் வழக்கமான பற்சிகிச்சை அடங்காது. அதனால் அரிசோனாவில் குளிர்காலத்தைக் கழிப்போர் பலர், யூமா நகருக்கு அருகே எல்லையைக் கடந்து மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸ் என்னும் சிற்றூருக்குச் செல்கின்றனர். அவ்வூரின் தெருக்களில் பல் மருத்துவர்களும் கண்ணாடிக் கடைகளும் நெருங்கியிருப்பதைக் காணலாம். கானடா நாட்டுப் பனிப்பறவைகளுக்கு வேறொரு கணக்கு. ஒன்டாரியோ மாகாணத்தார் மருத்துவக் காப்பீட்டை இழக்காதிருக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாட்களாவது தம் மாகாணத்தில் இருந்தாக வேண்டும். நாட்காட்டியில் நாட்களை அடையாளமிட்டு எண்ணுவது அவர்களுடைய குளிர்கால வேலைகளுள் ஒன்று.

செலவைப் பற்றிச் சில வார்த்தைகள். வீட்டு வரியும் வாடகையும் இல்லை என்பதால் இவ்வாழ்க்கை மலிவானது என்று எண்ணிவிட முடியாது. எரிபொருள், தங்குமிடக் கட்டணம், பழுது பார்க்கும் செலவு, வண்டியின் தேய்மானம் ஆகியவை சேர்ந்தால் ஒரு குடும்பச் செலவுக்குக் குறையாது. வீட்டின் மதிப்பு காலப்போக்கில் ஏறலாம். வண்டியின் மதிப்போ வாங்கிய அன்று முதலே இறங்குகிறது. ஆயினும் முதியோருக்குச் சலுகைகள் உண்டு. அறுபத்திரண்டு வயதானவர்களுக்கு, தேசியப் பூங்காக்களில் ஆயுள் முழுதும் நுழைய உதவும் அட்டை 2017 ஆகஸ்டு வரை 10 டாலருக்குக் கிடைத்தது. பின்னர் 80 டாலராக உயர்த்தப்பட்டது. பல மத்திய அரசு முகாம்களில் இதைக் காட்டினால் கட்டணம் பாதியாகக் குறையும். மேற்குப் பகுதியில் நிலமேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பரந்த வெளிகளில், வசதிகள் எவையுமின்றி இலவசமாகவே தங்கலாம். ஆனால் பொதுவாக ஓரிடத்தில் இருபத்தெட்டு நாட்களில் பதினான்கு நாட்களுக்கு மேல் தங்குவதற்கில்லை.

இவ்விதிக்கு விலக்காக, அரிசோனாவின் குவார்ட்சைட் என்னும் பாலைவன ஊரைச் சுற்றி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தி நீண்டகாலம் தங்க அனுமதி உண்டு. சில ஆயிரம் பேரே நிரந்தரமாக வாழும் அவ்வூர், ஜனவரியில் வெள்ளை வண்டிகளின் கடலாக மாறிவிடும். அங்குள்ள இடுகாட்டில், செம்பு ஒட்டகம் ஒன்றைத் தலையில் தாங்கிய கூம்பு வடிவ நினைவுச் சின்னம் இருக்கிறது. அமெரிக்க இராணுவம் 1850-களில் ஒட்டகங்களைச் சோதனையாக வரவழைத்தபோது உடன் வந்த ஹாஜி அலி என்பவர் அங்கே அடங்கியிருக்கிறார். தொலைநாட்டிலிருந்து வந்து 1902-இல் மறைந்த ஓர் ஒட்டகப்பாகரின் நினைவிடம் வழிப்போக்கர்களின் தலைநகரில் அமைந்திருப்பது பொருத்தமே.

ஓய்வூதியம் போதாதவர்கள் வழியிலேயே வேலை தேடுகின்றனர். அரசு முகாம்களில் வருவோரை வரவேற்று, இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் பணிக்குப் பதிலாகத் தங்குமிடம் இலவசமாகக் கிடைக்கும். மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் இடைப்பட்ட செவ்வாற்றுப் பள்ளத்தாக்கில், அக்டோபர் மாதச் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்கும் இவர்கள் செல்கின்றனர். பன்னிரண்டு மணி நேர வேலை, கடுங்குளிர். ஜெசிகா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017-இல் வெளியிட்ட ‘நோமட்லேண்டு’ என்ற நூலும், அதைத் தழுவி 2020-இல் வந்த திரைப்படமும், வேறு வழியின்றி முதுமையில் உடலுழைப்பை மேற்கொண்ட இத்தகையோரின் நிலையை உலகறியச் செய்தன. விரும்பிப் புறப்பட்டவரும் வேறு போக்கின்றிப் புறப்பட்டவரும் ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து நிற்கின்றனர். வெளித்தோற்றத்தில் வேற்றுமை தெரிவதில்லை.

வானிலையைக் குறித்து வானொலி நேயர்கள் விரும்பக்கூடிய செய்தி ஒன்று உண்டு. சுழற்காற்று வீசும் பிரதேசங்களில் வீட்டு வண்டியைப் போல ஆபத்தான புகலிடம் வேறில்லை. எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை விட்டிறங்கி, உறுதியான கட்டடத்துக்குச் செல்ல வேண்டும். அந்நாட்டின் வானிலை வானொலி, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் இரவு பகலாக ஒலிபரப்பாகிறது. எச்சரிக்கையில் ‘கவுண்டி’ எனப்படும் வட்டாரத்தின் பெயரையே கூறுவர். ஊருக்குப் புதியவரான பயணிக்குத் தாம் நிற்கும் வட்டாரத்தின் பெயர் தெரியாது போனால், எச்சரிக்கை காதில் விழுந்தும் பயனில்லை. ஆதலால் மாலையில் வண்டியை நிறுத்தியதும், வட்டாரத்தின் பெயர், முகாமின் பெயர், தாம் நிற்கும் இடத்தின் எண் ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தொலைபேசியின் பக்கத்தில் வைப்பது வழக்கம். 911 என்ற அவசர எண்ணை அழைத்தால் முதலில் வரும் கேள்வி, “எங்கே இருக்கிறீர்கள்?” என்பதுதான். நள்ளிரவில், நெஞ்சு வலியால் துடிக்கும் கணவரின் அருகில் நிற்கும் மனைவிக்கு அச்சீட்டே பெருந்துணை.

அம்மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. பல குடும்பங்களில் கணவர் ஒருவரே ஓட்டுவார். தொட்டிகளும் மின் இணைப்பும் அவர் பொறுப்பு. மருந்தும் கணக்கும் கடிதமும் மனைவியின் பொறுப்பு. இப்பிரிவினை வசதியானது; ஆனால் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் கை கட்டப்பட்டது போலாகிவிடும். எனவே வாரத்தில் ஒரு நாளேனும் வேலைகளை மாற்றிச் செய்து பழக வேண்டும் என்று முன்னோடிகள் வற்புறுத்துகின்றனர். நாளொன்றுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாமலும், பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்திவிட்டும், சேர்ந்த இடத்தில் 3 நாள் தங்கியும் செல்வது அவர்களிடையே வழங்கும் ஒரு விதி. கண் பார்வை மங்கும் வயதில் இருட்டில் பெரிய வண்டியைப் பின்னுக்கு நகர்த்த நேரிடாமல் இவ்விதி காக்கிறது.

இறுதியாக, எவரும் பேச விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. ஓட்டுவதை எப்பொழுது நிறுத்துவது? கால் பிரேக்கை மிதிக்கத் தாமதிக்கும் நாளும், பழகிய சாலையில் வழி தடுமாறும் நாளும் யாருக்கும் வரக்கூடியவை. வீட்டை விற்று வண்டி வாங்கியவருக்கு, வண்டியைவிட்டு இறங்கினால் போவதற்கு இடமில்லை. வண்டியை விற்ற பணம் ஒரு சிறு வீட்டுக்கும் போதாது. அதனாலேயே ஓட்டக் கூடாத நிலை வந்தபின்னும் ஓட்டுவோர் இருக்கின்றனர். அது அவர்களுக்கு மட்டுமன்றி, எதிரே வருவோர்க்கும் ஆபத்து. இதற்கு லிவிங்ஸ்டனில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். எஸ்கேப்பீஸ் உறுப்பினர்களின் முயற்சியால் அங்கே ‘கேர்’ என்னும் பராமரிப்பு நிலையம் அமைந்தது. தளர்ந்துவிட்ட பயணி, தம் வண்டியை அந்நிலையத்தின் வளாகத்தில் கடைசி முறையாக நிறுத்தி, அதிலேயே தொடர்ந்து வசிக்கலாம். உணவு, துணி வெளுத்தல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், பகல் நேரக் கவனிப்பு ஆகியவற்றை நிலையத்தார் ஏற்கின்றனர். சக்கரங்கள் ஓடுவதில்லை, ஆனால் படுக்கையும் சன்னலும் பழகிய சமையலறையும் அவருடையவையாகவே இருக்கின்றன. தம் வீட்டைவிட்டுப் பெயராமலே முதியோர் இல்லத்தின் பாதுகாப்பைப் பெறும் இவ்வேற்பாடு, நிலையான வீடுகளில் வாழும் சமூகங்களும் சிந்திக்கத் தக்கது.

எல்லோருக்கும் அவ்விடம் கிடைத்துவிடாது. ஆகவே விவேகமுள்ளோர் புறப்படும்போதே இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிடுகின்றனர். ஒன்று, இறங்கிய பின் ஓராண்டேனும் வாடகைக்குக் குடியிருக்கப் போதிய பணத்தைத் தொடாமல் தனியே வைத்தல். மற்றொன்று, “இனி நீங்கள் ஓட்ட வேண்டாம்” என்று தம்மிடம் துணிந்து சொல்லும் உரிமையை, மகனோ மகளோ நண்பரோ ஒருவருக்கு முன்னதாகவே கொடுத்துவைத்தல். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது கசப்பான வார்த்தைதான். திடகாத்திரமாக இருக்கும் நாளில் பேசி முடித்துவிட்டால் அக்கசப்பில் பாதி குறைந்துவிடும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. அத்தனி வளைக்குச் சக்கரம் பூட்டிப் பார்த்தவர்கள் இவர்கள். நிலையான வீடொன்று நமக்குச் செய்யும் உபகாரங்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் கதவு எண் கடிதத்தை வரவழைக்கிறது. கழிவுநீர் கண் காணாமல் போய்விடுகிறது. தெருமுனை மருத்துவர் நம் நாடியை அறிவார். இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் அடுத்த வீட்டார் வந்து தட்டுவர். வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் இவை ஒவ்வொன்றையும் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு உரிய திட்டமும், உடன் செல்பவரோடு மனம்விட்ட பேச்சும், நிற்க வேண்டிய இடத்தைப் பற்றிய தெளிவும் உடையவர்க்கு அப்பயணம் இனியதாகவே அமைகிறது. பயணம் போகாத முதியோருக்கும் இம்மூன்றும் தேவையே. மருந்துகளின் பட்டியலையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்களையும், தமக்காக முடிவெடுக்க வேண்டியவரின் பெயரையும் இன்று மாலையே ஒரு தாளில் எழுதி வைக்க, எந்த வண்டியும் வாங்க வேண்டியதில்லை.